தினமும் ஒரு பாடமா, ஞாயிறு மூன்று மணி நேரமா? லண்டன் யூதக் குடும்பங்களின் ஆரம்பப் பள்ளித் தேர்வு

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. அதற்கு முந்தைய சில மாதங்களாக, நாலு வயதை நெருங்கும் பிள்ளை உள்ள வடமேற்கு லண்டன் யூத வீடுகளில் பேச்சு இதுதான்: குழந்தையை யூதப் பள்ளியில் சேர்ப்பதா, பக்கத்துத் தெரு கவுன்சில் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஹெடரில், அதாவது சினகாக் (யூத வழிபாட்டுக்கூடம்) நடத்தும் மத வகுப்பில் விடுவதா? யூதப் பள்ளிதான் என்றால், மரபை இறுகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பள்ளியா, எல்லாப் பிரிவினரும் சேர்ந்து படிக்கும் பள்ளியா?

நான் யூதப் பெண் அல்ல. ஹாரோவில் குடியிருக்கும் தமிழ்ப் பெண். இந்தப் பகுதிப் பள்ளிகளில் சப்ளை டீச்சராக வேலை பார்ப்பதால் ஆர்த்தடாக்ஸ் பள்ளி, பொதுப் பிரிவு யூதப் பள்ளி, கவுன்சில் பள்ளி என்று எல்லா வகுப்பறையிலும் நின்றிருக்கிறேன். யூதத் தோழிகள் என்னிடமும் அபிப்பிராயம் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சனிக்கிழமை காலை அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துப்போகும் நமக்கும் இந்தக் கணக்கு அந்நியமானது இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நாம் யூதர்கள்" என்ற உணர்வை வீடும் ஞாயிறு வகுப்பும் சேர்ந்து தந்துவிட முடியும். ஹீப்ருவில் ஒரு பக்கத்தைத் திறந்து தானாகப் படித்துப் புரிந்துகொள்ளும் திறமையை அப்படித் தர முடியாது. அதற்குத் தினசரி நேரம் வேண்டும். எனவே பதினொரு வயதில் பிள்ளை கையில் எது இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பள்ளியைப் பிறகு பார்க்கலாம்.

யூதப் பள்ளி என்றாலே பணம் கட்டிப் படிக்கும் இடம் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஹரேதி எனப்படும் கடும் ஆசாரப் பிரிவினரின் பள்ளிகளை விட்டுவிட்டால், லண்டனின் யூத ஆரம்பப் பள்ளிகளில் பெரும்பாலானவை நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளிகளைப் போன்றவைதான். நடைமுறைச் செலவு அரசுடையது. கட்டடச் செலவில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு மட்டும் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. தேசியப் பாடத்திட்டம், இயர் 1ல் ஃபோனிக்ஸ் எனும் எழுத்தொலித் தேர்வு, இயர் 6ல் சாட்ஸ் எனும் தேசியத் தேர்வு எல்லாம் மற்றப் பள்ளிகளில் இருப்பதுபோலவே. இயர் 6 அறிவியலில் பரிணாமம் வருகிறது, அதையும் நடத்தியாக வேண்டும். ஆகவே கணக்கும் ஆங்கிலமும் பின்தங்கிவிடுமோ என்று இந்தப் பள்ளிகளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஒப்பிட வேண்டியது மீதி நேரத்தை.

அந்த மீதி நேரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1732ல் லண்டனின் பெரிய சினகாக் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய பள்ளியைத் தொடங்கியது. அதுதான் பிற்பாடு யூத இலவசப் பள்ளியாக, ஜேஎஃப்எஸ் ஆக வளர்ந்தது. 1900 வாக்கில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸின் பெல் லேனில் அது சுமார் 4,000 பிள்ளைகளோடு உலகின் மிகப் பெரிய பள்ளிகளுள் ஒன்று. ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த, யித்திஷ் பேசும் பிள்ளைகளை ஆங்கிலம் பேசும் பிரிட்டிஷ்காரர்கள் ஆக்குவது அதன் முக்கிய வேலை. வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான சப்பாத், பண்டிகை, உணவுக் கட்டுப்பாடு எல்லாம் வீட்டிலேயே இருந்ததால் அதைப் பற்றிப் பள்ளி அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு நிலைமை தலைகீழ். ஆங்கிலம் தானாக வந்துவிடுகிறது. நான்காம், ஐந்தாம் தலைமுறை வீட்டில் தாத்தாவுக்கும் ஹீப்ரு சரியாகப் படிக்க வராது. முன்பு வீடு கொடுத்ததைப் பள்ளியிடம் கேட்கிறார்கள். நம் வீடுகளில் இது இரண்டாம் தலைமுறையிலேயே நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம் வரும்.

சரி, பிள்ளைகள் என்னதான் கற்கிறார்கள்?

ரிசப்ஷனில் எழுத்து. ஹீப்ருவில் 22 எழுத்துகள், அவற்றில் ஐந்து சொல்லின் கடைசியில் வந்தால் வேறு வடிவம் எடுக்கும். எழுத்தெல்லாம் மெய், உயிரொலியைக் காட்ட அடியிலும் மேலும் புள்ளியும் கோடும் போடுவார்கள். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை அதே வாரத்தில் ஆங்கில ஃபோனிக்ஸை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டிருக்கும். குழப்பம் வராதா என்று நான் பயந்ததுண்டு. பெரும்பாலும் வருவதில்லை, புத்தகத்தைக் கையில் எடுத்ததுமே எந்தப் பக்கம் திறப்பது என்று விரல் கண்டுபிடித்துவிடுகிறது. குழப்பம் வருவது எழுத்துச் சாயலில். தாலெத்துக்கும் ரேஷுக்கும் ஒரு மூலைதான் வித்தியாசம்: ஒன்றில் கூர்மையாக மடியும், மற்றதில் வளைந்து இறங்கும். நம் பிள்ளைகள் 'ர'வையும் துணைக்காலையும் பார்த்துத் தடுமாறுவது போலத்தான். ஒருமுறை கரும்பலகையில் நான் அவசரத்தில் எழுதியதைப் பார்த்து முன்வரிசைச் சிறுமி எழுந்து வந்து, "மிஸ், இது ரேஷ் மாதிரி இருக்கு, மூலை வேணும்" என்று விரலால் தொட்டுக் காட்டினாள். அவளுக்கு அப்போது ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல் தாண்டவில்லை.

பல பள்ளிகளில் இயர் 1ல் சித்தூர் விழா நடக்கும். சித்தூர் என்பது தொழுகைப் புத்தகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒன்று, பெற்றோர் கைப்பட அலங்கரித்த அட்டையோடு. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஹுமாஷ், அதாவது யூத வேதமான தோராவின் ஐந்து புத்தகங்கள். ஹீப்ருவுக்குள்ளேயே மூன்று தனித்தனித் திறமைகள் இருக்கின்றன என்பதைப் பெற்றோர் பலர் யோசிப்பதில்லை. எழுத்துக்கூட்டித் தொழுகையைச் சரளமாக வாசிப்பது ஒன்று. தோராவின் பழைய ஹீப்ருவைப் பிரித்துப் பொருள் அறிவது இரண்டாவது. இஸ்ரேலில் இன்று பேசும் இவ்ரித்தில் உரையாடுவது மூன்றாவது. தேவாரம் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, பாட்டியிடம் தமிழில் பேச வரும் என்பதும் இல்லை. இங்கும் அப்படியே. பள்ளிகள் வேறுபடுவது இந்த மூன்றில் எதற்கு எடை கொடுக்கிறார்கள் என்பதில்தான்.

ஆர்த்தடாக்ஸ் பள்ளியில் நாள் தொழுகையோடு தொடங்கும். ஷெமா என்ற முக்கியத் தொழுகையைச் சொல்லும்போது வகுப்பே வலது கையால் கண்ணை மூடிக்கொள்ளும். பையன்கள் தலையில் கிப்பா என்ற சிறு தொப்பி, சட்டைக்குள்ளிருந்து தொங்கும் த்சித்சித் நூல். ரொட்டி சாப்பிடும் முன் இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கை கழுவுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நீளமான நன்றித் தொழுகையை மேஜையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடுவார்கள். நூறு பிள்ளைகள் சேர்ந்து தட்டும்போது சாப்பாட்டுக்கூடமே அதிரும். இதெல்லாம் பாடவேளைக் கணக்கில் வராது, ஆனால் ஏழு வருடம் தினமும் பாடிய பிள்ளைக்கு அது ஆயுளுக்கும் மறக்காது. அதன் மேல் ஹுமாஷ் பாடம், வாரந்தோறும் அந்த வாரத் தோராப் பகுதி, பண்டிகைச் சட்டங்கள், யூத வரலாறு. மேல் வகுப்புகளில் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலிருந்து துண்டுகள். படிப்பில் முந்தியிருக்கும் சில பள்ளிகளில் ராஷியின் உரை வரை போகிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவாவில் வாழ்ந்த உரையாசிரியர் அவர், அவருடைய உரையை அச்சிடும் எழுத்துருவே தனி.

ஹுமாஷ் பயிற்சி நோட்டு ஒன்றை நிதானமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பல பள்ளிகள் ஆதியாகமத்தின் 12ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குகின்றன, ஆபிரகாம் ஊரை விட்டுப் புறப்படும் இடம். 'உன் நாட்டிலிருந்து' என்பது ஹீப்ருவில் 'மேஅர்த்சேகா' என்று ஒரே சொல். பிள்ளை அதை மூன்றாக வெட்டுகிறது: முன்னால் ஒட்டிய 'இருந்து' பகுதிக்கு ஒரு நிறம், நடுவில் நாடு என்ற வேருக்கு இன்னொன்று, கடைசியில் 'உன்' என்பதற்கு மூன்றாவது. அடுத்த சொல்லிலும் அதே வால், அதற்கடுத்ததிலும். ஒரு வசனம் முடியும்போது எட்டு வயதுப் பிள்ளைக்கு இலக்கணத்தின் ஒரு சாவி கையில் கிடைத்துவிடுகிறது, யாரும் இலக்கணம் என்று சொல்லாமலே. ஆங்கிலத்தில் இப்படி ஒட்டும் வேலை குறைவு. தமிழ் தெரிந்தவளுக்கு இதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். நம் சனிக்கிழமைப் பள்ளிகளிலும் வேற்றுமை உருபை இந்த மாதிரி நிறம் தீட்டிச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எல்லாப் பிரிவினருக்குமான பள்ளிகளும் முற்போக்கு யூதப் பள்ளிகளும் பின்னால் வந்தவை. ஃபின்ச்லியில் 1981ல் தொடங்கிய அகீவா, முற்போக்குப் பிரிவினரின் முதல் ஆரம்பப் பள்ளி. ஷென்லியில் க்ளோர் ஷாலோம் 1999ல் வந்தது, மஸ்வெல் ஹில்லில் ஈடன் 2011ல். இங்கே பெண் பிள்ளைகளும் விரும்பினால் கிப்பா போடலாம், தொழுகையை நடத்தலாம். தோராக் கதை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும், கேள்வி கேட்பதற்கு நேரம் தாராளம்.

ஒரே கதை இரண்டு இடத்திலும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சிறுவன் ஆபிரகாம் அப்பாவின் கடையில் இருந்த சிலைகளை உடைத்துவிட்டு, பெரிய சிலைதான் உடைத்தது என்று சொல்லும் கதை யூதப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோராவில் அந்தக் கதை இல்லை, மித்ராஷ் எனப்படும் பிற்கால வேத விளக்கத்தில் வருகிறது. ஆர்த்தடாக்ஸ் வகுப்பில் தோராவும் மித்ராஷும் ஒன்றோடொன்று பின்னியே சொல்லப்படும். மரபு அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. நான் பார்த்த பொதுப் பிரிவு வகுப்பில் ஆசிரியை கதையைச் சொல்லிவிட்டு, "இதைத் தோராவில் தேடிப் பாருங்கள்" என்றார். பிள்ளைகள் தேடிப் பார்த்து இல்லை என்றார்கள். "அப்படியானால் யார் சொன்னது, ஏன் சொல்லியிருப்பார்கள்?" அரை மணி நேரம் ஓடியது. ஒன்பது வயதில் இப்படி ஒரு பேச்சு நடப்பது பெரிய விஷயம். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஹீப்ரு வசனம் ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை. இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படுவது சுலபம், ஒரு பாடவேளையில் இரண்டும் அடங்குவது கஷ்டம்.

பொதுப் பிரிவுப் பள்ளிகள்மேல் எனக்குள்ள ஒரே கவலை இதுதான். சில இடங்களில் பண்டிகையும் பாட்டும் கலையும் அழகாக நடக்கின்றன, வாசிப்பு மட்டும் மெதுவாகிவிடுகிறது. இவ்ரித் பேச்சுப் பயிற்சி நன்றாக நடக்கும் பள்ளியில் இந்தக் குறை அவ்வளவு இல்லை. இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து இயர் 3 முதல் இயர் 6 வரை ஒரு வேற்றுமொழி கட்டாயம். பிரெஞ்சுக்குப் பதில் ஹீப்ருவை அந்த மொழியாக வைத்துக்கொள்ளும் யூதப் பள்ளிகளுக்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. பள்ளியைப் பார்க்கப் போகும்போது இதைக் கேட்க மறக்காதீர்கள்.

இனி ஹெடர். கவுன்சில் பள்ளியில் எல்லா மதப் பிள்ளைகளோடும் படித்து, ஞாயிறு காலை சினகாக்கில் மூன்று மணி நேரம். பல இடங்களில் ஆரம்பப் பள்ளியோடு நிற்காமல், 12, 13 வயதில் பிள்ளையைப் பெரியவராக ஏற்கும் மதச் சடங்கு வரை நீளும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு முப்பது ஞாயிறு என்றால் 90 மணி நேரம். பிறந்தநாள் விழா, ஃபுட்பால், காய்ச்சல் எல்லாம் கழித்தால் இன்னும் குறையும். பகல் பள்ளி 190 நாள் நடக்கிறது. யூதப் பாடத்துக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் என்று குறைத்து வைத்தாலும் இரட்டிப்பு, தொழுகையும் சாப்பாட்டுப் பாட்டும் தனி. எண்ணிக்கையைவிட முக்கியமானது இடைவெளி. புது எழுத்தைத் திங்கள் பார்த்துச் செவ்வாய் மறுபடி பார்க்கும் பிள்ளையும், ஞாயிறு பார்த்து அடுத்த ஞாயிறு பார்க்கும் பிள்ளையும் ஒரே வேகத்தில் படிக்க முடியாது. ஹெடர் ஆசிரியர்கள் சிலர் ஒவ்வொரு ஞாயிறும் முதல் அரை மணியைப் பழையதை நினைவுபடுத்தவே செலவிடுகிறார்கள். தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை எடுத்தவர்களுக்கு இந்த அலுப்பு நன்றாகத் தெரியும்.

அதற்காக ஹெடரைக் குறைத்து எடை போடவும் கூடாது. அங்கே வரும் பிள்ளையின் குடும்பம் சினகாக்கோடு ஒட்டிக்கொள்கிறது. பள்ளிக் கதவில் இறக்கிவிட்டுப் போகும் உறவு அல்ல அது. பெற்றோர் காப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், அங்கேயே நட்பு உண்டாகும். திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளையின் தோழர்கள் சோமாலியராக, குஜராத்தியாக, தமிழராக இருப்பார்கள். இதை ஒரு பெரிய பேறாக நினைக்கும் யூதப் பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் நினைப்பது நியாயம். ஆனால் கவுன்சில் பள்ளி வகுப்பில் ஒரே யூதப் பிள்ளையாக இருப்பதும் லேசான காரியம் இல்லை. டிசம்பர் முழுக்கக் கிறிஸ்துமஸ் நாடகம், யூதப் பண்டிகையான ஹனுக்காவுக்கு ஒரு அசெம்பிளி. இஸ்ரேல்-காசா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் செய்தியைப் பேசும்போது, பத்து வயதுக் குழந்தையை ஒரு நாட்டுக்கே பதில் சொல்ல வைப்பதுபோல ஆகிவிடுகிறது. தலைமையாசிரியர் அதை எப்படிக் கையாள்கிறார் என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்ற இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாம்ஃபோர்ட் ஹில் போன்ற இடங்களின் ஹரேதிப் பள்ளிகள் அந்தச் சமூகத்துக்கு வெளியே உள்ளவர்கள் தேர்வு செய்யும் இடம் அல்ல. பையன்களும் பெண்களும் தனித்தனி, பல இடங்களில் பயிற்றுமொழி யித்திஷ், பையன்களின் நாளில் பெரும் பங்கு தோராவுக்கு. அவற்றில் பெரும்பாலானவை சுயநிதிப் பள்ளிகள் என்பதால் தேசியப் பாடத்திட்டம் கட்டாயமில்லை. ஆரம்பத்தில் நான் சொன்ன "பயப்படத் தேவையில்லை" இவற்றுக்குப் பொருந்தாது. கட்டணம் வாங்கும் மற்ற யூதத் தனியார் பள்ளிகள் சில உண்டு, சிறிய வகுப்பு, நல்ல கவனிப்பு. 2025 ஜனவரியிலிருந்து கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் சேர்ந்துவிட்டது, கையிருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லண்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு நிலைமையே வேறு. பர்மிங்ஹாமின் கிங் டேவிட் பள்ளியில் பிள்ளைகளில் பெரும்பகுதி முஸ்லிம்கள். பெயரும் பாடமும் யூதப் பள்ளியுடையவை, ஹீப்ரு எல்லோருக்கும் உண்டு, சமையல் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி. நான் சொன்ன அந்தச் சிலை உடைக்கும் கதை குர்ஆனிலும் இருப்பதால் அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆபிரகாம் புது ஆள் இல்லை. ஸ்காட்லாந்தின் யூத ஆரம்பப் பள்ளியான கால்டர்வுட் லாட்ஜ் 2017ல் ஒரு கத்தோலிக்கப் பள்ளியோடு ஒரே வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. இந்த ஊர்களில் யூதப் பள்ளிக்குப் போகும் பிள்ளை பல மதத்தவரோடு பழகாமல் போய்விடுமோ என்ற கேள்விக்கே இடமில்லை.

இப்போது நடைமுறை. பாடத்தைவிட இதுதான் சில குடும்பங்களை முடிவெடுக்க வைக்கிறது. சூரியன் மறையும் முன் சப்பாத் தொடங்கிவிடும். டிசம்பரில் லண்டனில் பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் விளக்கேற்ற வேண்டும், ஆகவே குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் யூதப் பள்ளிகள் மதியமே விட்டுவிடும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த அரை நாளை யார் பார்த்துக்கொள்வது? செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று விடுமுறை அடுக்கடுக்காக வரும். வசந்தத்தில் பெசாக் பண்டிகை சில ஆண்டுகள் ஈஸ்டர் விடுமுறையோடு ஒத்துப்போகும், சில ஆண்டுகள் போகாது. 2024ல் ஈஸ்டர் மார்ச் 31, பெசாக் தொடங்கியது ஏப்ரல் 22 மாலை. அண்ணன் வேறு பள்ளியில் படித்தால் வீட்டில் விடுமுறைகள் பொருந்தவே பொருந்தாது. மதிய உணவு டப்பாவில் என்ன வைக்கலாம் என்பதற்கும், பிறந்தநாள் விழாவைச் சனிக்கிழமை வைக்கக் கூடாது, கேக் கோஷராக இருக்க வேண்டும் என்பதற்கும் பல பள்ளிகளில் விதி உண்டு.

வாசலில் பாதுகாவலர் நிற்பார். சில பள்ளிகளில் பெற்றோரும் முறைபோட்டுக் காவலுக்கு நிற்கிறார்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு மனசு கனக்கும். பிள்ளைகள் அந்தக் காவலரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 'ஷபாத் ஷாலோம்' என்று சப்பாத் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பணம்: அரசு உதவி பெற்றாலும், யூதப் பாடங்களுக்கும் பாதுகாப்புக்கும் பெற்றோரிடம் நன்கொடை கேட்பார்கள். ஆண்டுக்குப் பல நூறு பவுண்டைத் தாண்டும் பள்ளிகள் உண்டு. சட்டப்படி அது விருப்பம்தான், கட்டாததற்காகப் பிள்ளையை ஒதுக்க முடியாது. முடியாதவர்கள் கூச்சப்படாமல் சொல்லிவிடுவது நல்லது, இது பள்ளிகளுக்குப் புதிதல்ல.

சேர்க்கை விதி 2009க்குப் பிறகு மாறிய கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை ஆர்த்தடாக்ஸ் பள்ளிகள் தாய் யூதரா என்றுதான் பார்த்தன. தாய் ஆர்த்தடாக்ஸ் அல்லாத வழியில் மதம் மாறியவர் என்பதற்காக ஜேஎஃப்எஸ் ஒரு பையனை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பிறப்பை வைத்துப் பார்ப்பது இனப் பாகுபாடு என்று அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதன்பின் பள்ளிகள் கடைப்பிடிப்பைப் பார்க்கத் தொடங்கின, பல பள்ளிகளில் சினகாக்குக்கு எத்தனை முறை வந்தீர்கள் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். அதனால்தான் கோடை முடிந்ததும் சினகாக்குகளில் சின்னப் பிள்ளைகளின் கூட்டம் கூடுகிறது. அப்பா மட்டும் யூதராக உள்ள குடும்பம் இதில் கவனமாக இருக்க வேண்டும். இன்று அந்தப் பிள்ளைக்கு ஆர்த்தடாக்ஸ் பள்ளியில் இடம் கிடைக்கலாம், ஆனால் அந்தப் பள்ளி பின்பற்றும் மதச் சட்டப்படி அவள் யூதப் பெண் இல்லை. பதினொரு, பன்னிரண்டு வயதில் தோழிகள் சடங்குக்குத் தயாராகும்போது அவளுக்கு அது தெரியவந்தால் என்ன ஆகும்? இப்படிப்பட்ட வீட்டுக்கு முற்போக்குப் பள்ளி அல்லது லிபரல், ரிஃபார்ம் சினகாக்கின் ஹெடர்தான் சரி என்பேன். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

மற்றவர்களுக்கு என் அளவுகோல் வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரிசப்ஷன் வகுப்பில் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பெண்ணைச் சப்பாத் அம்மாவாகவும் ஒரு பையனைச் சப்பாத் அப்பாவாகவும் தேர்ந்தெடுப்பார்கள். அவள் தலையில் துணி போட்டு மெழுகுவத்திக்கு முன் கையைச் சுழற்றிக் கண்ணை மூடுவாள். அவன் திராட்சைச் சாறு மேல் கித்தூஷ் என்ற ஆசியைச் சொல்வான். பின்னிச் சுட்ட ஹல்லா ரொட்டியை எல்லோரும் பிய்த்துக்கொள்வார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அதே விளக்கும் ரொட்டியும் காத்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆர்த்தடாக்ஸ் பள்ளி முழுப் பலன் தரும். வீட்டில் வெள்ளி என்றால் டிவியும் பீட்சாவும்தான் என்றால், பிள்ளை ஆறு வயதிலேயே அம்மா அப்பாவைத் திருத்த ஆரம்பித்துவிடும். சில குடும்பங்கள் அதைச் சந்தோஷமாக ஏற்று மாறியிருக்கின்றன. சில வீடுகளில் பிள்ளை ஒன்று பள்ளியிடம் மறைக்கிறது, இல்லையேல் பெற்றோரை மதிக்காமல் போகிறது. மாறத் தயாராக இல்லாத வீட்டுக்குப் பொதுப் பிரிவுப் பள்ளி நல்லது. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த நடுநிலையில் இருப்பவை, ஆகவே நான் அதிகம் பரிந்துரைப்பதும் அந்தப் பள்ளிகளைத்தான், ஹீப்ரு வாசிப்பை விசாரித்துக்கொண்டு. ஹெடர் யாருக்கு என்றால், பெற்றோரில் ஒருவருக்காவது ஹீப்ரு படிக்க வரும், தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார முடியும் என்ற வீட்டுக்கு. அந்தப் பத்து நிமிடம் இருந்தால் ஞாயிறு வகுப்பும் பலன் தரும். இல்லையென்றால் பிள்ளைக்குப் பாட்டும் பண்டிகையும் கிடைக்கும், வாசிப்பு கிடைக்காது.

பள்ளியைப் பார்க்கப் போகும் நாளில் சுவரில் ஒட்டிய படங்களில் மயங்கிவிடாதீர்கள். இயர் 6 பிள்ளை ஒன்றிடம் சித்தூரைக் கொடுத்து, தினமும் பாடாத ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டச் சொல்ல முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அதில் தெரிந்துவிடும். அரசின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கையில் யூதப் பாடங்களின் தரம் இருக்காது. அதைத் தனியாக ஆய்வு செய்வது, யூதப் பிரதிநிதிகள் சபையின் கீழ் இயங்கும் பிகுவாஹ். அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். இஸ்ரேலைப் பற்றி எந்த வகுப்பில் எப்படிப் பேசுகிறார்கள், மற்ற மதங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், வேறு பள்ளிப் பிள்ளைகளோடு பழக என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் ஒரு எச்சரிக்கை. கவுன்சில் படிவம் மட்டும் போதாது, யூதப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் கூடுதல் தகவல் படிவமும் சினகாக் சான்றிதழும் தனியாகப் போக வேண்டும். அது போகாவிட்டால் எவ்வளவு ஆசாரமான குடும்பமாக இருந்தாலும் வரிசையில் கடைசிதான். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். யூதப் பள்ளிதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களும் பக்கத்து கவுன்சில் பள்ளியை ஆறில் ஒன்றாக எழுதி வையுங்கள். எழுதிய எதிலும் இடம் கிடைக்காவிட்டால், எங்கே காலி இருக்கிறதோ அங்கே கவுன்சில் போட்டுவிடும். ஏப்ரல் 16ஆம் தேதி மின்னஞ்சல் வந்த பிறகு அலைவதைவிட இது மேல்.